எண்ணூர்த் தண்ணீரில் ஒரு முழங்கால்

1

இந்தக் கிழமை மறுபடியும் வெளிநாட்டாரைப் பதிகிற கந்தோருக்குப் போய்வந்தேன். பருத்தித்துறையில் இருக்கிற உங்களுக்கு இது விளங்காது, அக்கா. முந்தி தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயிலில் நித்திரைகொண்டு எழும்பினால் சென்னை. பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போகிற மாதிரிப் போய்வந்தோம். இப்போது பாஸ்போட் என்றும் விசா என்றும் ஆயிரம் சோலி. வருஷா வருஷம் போய், நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு வரவேண்டும்.

மேசைக்குப் பின்னால் இந்த முறை புதிய ஆள், சின்னப் பெடியன். "சிலோனா? அப்புறம் எப்படித் தமிழ் பேசறீங்க?" என்றார். எனக்குக் கொதி வந்தது. "தம்பி, நீர் எப்பிடிக் கதைக்கிறீரோ அப்பிடித்தான்," என்றேன். தொழில் என்ன என்று கேட்டார். பிசியோதெரபி என்றேன். அப்படியென்றால் என்ன என்றார். விறைத்துப்போன கைகாலுக்குச் சூடு கொடுத்து, பிடித்து, அசைத்து, திரும்ப இயங்கப் பண்ணுகிறது என்று விளக்கினேன். அவர் நல்லாய் யோசித்துவிட்டு 'ஆயா' என்று எழுதினார். அதை அவர் வெட்டித் திருத்தி எழுதும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. பின்னால் நின்ற சனம் முணுமுணுத்தது. முணுமுணுக்கட்டும்.

பேந்து ஒன்று கேட்டார். "வீட்டுக்காரரும் இல்லைன்றீங்க. ஊருக்குப் போகாம இங்க எதுக்கு இருக்கீங்க?" சும்மா வாய்க் கேள்விதான், அவர் ஒன்றும் எழுதவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ராயபுரத்து வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. நீங்களும் கடிதத்துக்குக் கடிதம் அதைத்தானே கேட்கிறீர்கள்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், என் புருஷன் கப்பல் கம்பெனி ஒன்றில் கிளாக்கராக இங்கே வந்தவர். கைக்குழந்தையோடு நானும் வந்தேன். அவர் காய்ச்சலில் போனபிறகு, வா என்று அண்ணர் எழுதினார். அண்ணர் தங்கமான மனிசன். ஆனால் அங்கே வந்தால் எனக்குக் குசினியில் ஒரு மூலை. புருஷன் செத்தவள் ஆம்பிளையளின் காலைப் பிடித்துச் சம்பாதிக்கிறாள் என்றால் ஊர் என்ன கதைக்கும் என்று மச்சாள் கேட்பா. கேட்கத்தான் செய்வா. இங்கே அப்படிக் கேட்கிற அளவுக்கு என்னை ஒருவருக்கும் தெரியாது. அது நல்லது என்றுதான் முதலில் நினைத்தேன்.

2

யுத்த காலத்தில் கொழும்பில் ராணுவ ஆஸ்பத்திரியில் நேர்ஸாக நின்றபோது ஒரு வெள்ளைக்கார மிஸ்ஸிடம் பழகின வேலை இது. இப்போது ராயபுரத்தில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியின் பின்கட்டில் எனக்கு ஓர் அறை. சூடு கொடுக்க ஒரு சிவப்பு விளக்கு, ஒத்தட மெழுகு உருக்க ஒரு செம்புச் சட்டி, உத்தரத்தில் ஒரு கப்பி, அதில் தொங்க மணல் மூட்டை, விரலால் படிப்படியாக ஏறச் சுவரில் ஒரு மர ஏணி. துறைமுகத்தில் மூட்டை தூக்கித் தோள் போனவர்கள், இடுப்பு பிடித்தவர்கள், வாதம் வந்த குழந்தைகள் எல்லாரும் வருவார்கள். முதலில் சூடு, சதை இளகட்டும். பேந்து அசைவு. அசைக்கிற நேரம் நோகலாம். அந்த நோ விடிந்தும் இருந்தால் நான் அளவுக்கு மிஞ்சி அசைத்துவிட்டேன் என்று அர்த்தம்.

நான் கதைக்கிறது இவர்களுக்குப் பெரிய பகிடி. நான் "ஆறுதலாய் எழும்பும்" என்றால், மெல்ல எழும்பச் சொல்கிறேன் என்று தெரியாமல், என்ன துக்கமோ என்று முழிப்பார்கள். நான் 'நீர்' என்று கூப்பிடுவது நாடகத்தில் ராசா பேசுகிற மாதிரி இருக்கிறதாம். தொண்டியார்பேட்டைப் பாய் ஒருவர் தோள் நோவை மறந்து இதற்கென்றே என்னைக் கதைக்க வைப்பார்.

என் மகள் பவானிக்கு இந்தச் சிக்கல் இல்லை. அவள் இந்த ஊர்ப் பிள்ளையாகவே ஆகிவிட்டாள். "இன்னாம்மா நீ, ஏலாது ஏலாதுன்னுகினு. பசங்கோ சிரிக்கிறாங்கோ," என்று என்னைத் திருத்துகிறாள். போன முறை பருத்தித்துறைக்குக் கூட்டி வந்தபோது அவள் வாயைத் திறந்தாலே அவளுடைய மச்சாள்மார் விழுந்து விழுந்து சிரித்ததை நீங்களே கண்டீர்கள். திரும்பி வருகிற வழி முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எழும்பூரில் இறங்கி, கூலிக்காரரோடு பேரம் பேசத்தான் வாயைத் திறந்தாள்.

காலையிலிருந்து பின்னேரம்வரை மற்ற ஆட்களின் தோளும் முதுகும் என் கையில். ஆரோ பெற்ற பிள்ளைகளின் காலை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் என் தோளில் ஒரு கை விழுந்து எவ்வளவு காலம் என்று யோசிக்கிறேன். பவானி இப்போது தலை பின்னக்கூட விடுகிறாள் இல்லை. இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

3

ஏழுமலை என்னிடம் வந்தது மழைக்காலம் முடிந்த கையோடு. திருவொற்றியூர்க் கடலோரக் குப்பத்துக் கட்டுமரக்காரர், முப்பது வயசிருக்கும். கரைக்குத் திரும்புகையில் அலை மரத்தைப் புரட்டி அவருடைய தொடையில் போட்டுவிட்டது. எலும்பு முறிந்து, பெரிய ஆஸ்பத்திரியில் தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டு. மாதக்கணக்காகக் கிடந்து, கட்டைப் பிரித்தபோது எலும்பு வடிவாய்ப் பொருந்தியிருந்தது. முழங்கால்தான் பலகை மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது.

கைரிக்‌ஷாவில் அவரைக் கொண்டுவந்து இறக்கியது அவருடைய மனைவி அஞ்சலை. கூடையில் மீன் விற்கிறவள். நான் கட்டிலில் காலைத் தூக்கிவைத்துப் பிடித்ததுதான் தாமதம், பாய்ந்து வந்தாள்.

"இன்னாம்மா நீ, பாட்டுக்கும் அவரு காலப் புடிச்சிகினுகீற? பொம்பள புடிக்கிற காலா அது?"

"பிடிக்காமல் எப்பிடியம்மா மடியப் பண்ணுறது?"

"தள்ளு. நான் புடிக்கிறேன். இன்னா பண்ணணும்னு நீ சொல்லு."

சும்மா சொல்லக்கூடாது, அவளுடைய கை நல்ல கை. முழங்காற் சிரட்டையை நாலு பக்கமும் மெல்லத் தள்ளி இளக்கச் சொல்லிக்கொடுத்தேன். குதிக்காலைப் பிடித்து, அவரை எதிர்த்து உதைக்க விட்டு, உதைத்து ஓய்கிற அந்தக் கணத்தில் இன்னும் கொஞ்சம் மடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். ஏழுமலை பல்லைக் கடித்துக்கொண்டு, "கல்யாணம் ஆனதுலருந்து இப்பத்தான் என் காலப் புடிக்கிறா," என்பார். "வாய மூடுய்யா," என்று அவள் மடித்துவிடுவாள். அவர்கள் இருவரும் சண்டை பிடிக்கிறதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறது எனக்கு ஆசையாக இருந்தது. மற்ற நாட்களைவிட அந்த நாட்களில் கெதியாக எழும்பி வேலைக்குப் போனேன்.

மெல்ல மெல்ல முழங்கால் கதிரையில் இருக்கிற அளவுக்கு மடிந்தது. பெரிய டொக்டர் வந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார். படி ஏறலாம், கதிரையில் இருக்கலாம், இது போதும், அனுப்பிவிடு, மற்ற ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. வாசலில் சனம் நிரம்பித்தான் நின்றது.

ஏழுமலை சிரித்தார். "சேர்ல குந்தனா போதுமாமே! எங்க வூட்ல சேரு எங்கம்மா கீது?"

கட்டுமரம் என்றால் சேர்த்துக் கட்டின மரக்கட்டைகள். இருக்கையும் இல்லை, பிடிக்கப் பக்கமும் இல்லை. இரண்டு முழங்காலையும் முழுக்க மடித்து, குதிக்காலின்மேல் இருந்துதான் துடுப்புப் போடுகிறார்கள். அலை வரும்போது அந்த முழங்கால்தான் மரத்தைக் கவ்விப் பிடிக்கிறது. கதிரை அளவு மடிந்த காலோடு அதில் ஏறினால் முதல் அலையே ஆளை உருட்டிவிடும்.

"மில்லு கேட்டாண்ட வாச்மேன் வேல கீதுன்னு மச்சான் சொல்லிகினுகீறான். சித்திரைக்குள்ள பதில் சொல்லணும்." சிரிப்பு நின்றுவிட்டது. "கேட்டாண்ட குந்திகினு போற வர்றவனுக்கு சலாம் போடச் சொல்றியா நர்ஸம்மா? கடலுக்குப் போலன்னா நான் செத்துருவேன். மெய்யாலுமே சொல்றேன்."

அஞ்சலை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் டொக்டரிடம் போய், வேலை முடிந்த பிறகு வைத்துப் பார்க்கிறேன், மற்றவர்களின் நேரத்தை எடுக்கமாட்டேன் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார்.

4

ஒரு திங்கட்கிழமை ரிக்‌ஷா வந்து நின்றபோது முழங்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. அஞ்சலை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பின்னால் நாலு தடியன்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஏழுமலையின் தோஸ்துகள்.

நடந்தது இதுதான். இந்த நர்ஸம்மா தினமும் நூல் நூலாய் மடிக்கிறாள், சித்திரை வந்துவிடும், நாமே முடித்துவிடலாம் என்று இவர்கள் யோசித்திருக்கிறார்கள். ஏழுமலையை மணலில் குப்புறப் போட்டு, ஒருவன் இடுப்பில் ஏறி இருக்க, மற்ற மூவரும் கணுக்காலைப் பிடித்து, வலை இழுக்கிற மாதிரி "ஐலசா" போட்டு ஒரே இழுப்பு. ஏழுமலை போட்ட கூச்சலில் குப்பமே கூடிவிட்டதாம்.

"அம்மாம் பெரிய மரத்தையே இஸ்துகினு வர்றோம், ஒரு முட்டி இன்னா பெரிய பேஜாருன்னு நெனச்சோம். நல்லதுக்குத்தான் செஞ்சோம் நர்ஸம்மா," என்றான் ஒருவன்.

எனக்கு வந்த விசரில் பருத்தித்துறை முழுக்க என் வாயில் வந்தது. "கோதாரி விழுவாங்களே! உது காலடா, மரமில்லை! உங்கட தலையிலை என்ன களிமண்ணே இருக்குது? உள்ளுக்குள்ளை சதை கிழிஞ்சிருந்தால் ஆரடா பதில் சொல்லுறது?"

நாலு பேரும் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். "இன்னா சொல்றாங்கன்னே பிரியல மாமு," என்று ஒருவன் மற்றவனிடம் மெதுவாகச் சொன்னான். "ஆனா நல்லா திட்றாங்க."

குளிர்ந்த தண்ணீர்த் துணியைச் சுற்றி, கட்டுப் போட்டு, அசையாமல் கிடக்கச் சொன்னேன். நல்ல காலம், உள்ளே பெரிய சேதம் இல்லை. ஆனால் வீக்கம் வற்றினபோது கதிரை அளவும் இல்லாமல் போயிருந்தது. பங்குனி வந்துகொண்டிருந்தது. ஏழுமலை மில் வேலைக்குச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டதாக அஞ்சலை என்னிடம் இரகசியமாகச் சொன்னாள்.

அன்று கோபத்தோடு எனக்குப் பொறாமையும் வந்தது என்றால் நம்புவீர்களோ? இந்தக் கூத்துக்குக்கூட நாலு பேர் வேணும். என் கால் மடியாமல் போனால் இழுத்துக் கெடுக்கிறதுக்கு எனக்கு ஆர் இருக்கினம்?

5

கொழும்பில் அந்த மிஸ் ஒரு தொட்டி வைத்திருந்தா. இளஞ்சூடான தண்ணீருக்குள் ஆட்களை இறக்கித்தான் கால் மடிக்கப் பழக்குவா. தண்ணீர் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், சூடு சதையை இளக்கும், நோகிற காலுக்குப் பயம் போய்விடும். ராயபுரத்தில் தொட்டிக்கு எங்கே போவேன்? குப்பத்துக் கடல் ஆகாது, அலை ஆளைப் புரட்டும். எண்ணூரில் கழிமுகம் இருக்கிறது. அலை இல்லை, ஆழம் இல்லை, வெயில் ஏறினால் தண்ணீர் கஞ்சி மாதிரிச் சுடும்.

ஞாயிற்றுக்கிழமை நானும் பவானியும் ராயபுரத்தில் ரயிலேறினோம். திருவொற்றியூரில் அவர்கள் ஏறினார்கள். ஏழுமலை, அஞ்சலை, கூடவே அந்த நாலு பேரும். வரவேண்டாம் என்று சொன்னேன், கேட்டால்தானே. சரி, இழுக்கிறவர்களை நிறுத்த ஏலாது, இழுப்பையாவது எனக்கு ஏற்ற மாதிரி மாற்றுவோம் என்று நினைத்தேன்.

நெஞ்சளவு தண்ணீரில் ஏழுமலையை இறக்கி, இரண்டு பேரைக் கக்கத்தில் பிடிக்க விட்டேன். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் நின்று முழங்காலைப் பிடித்தேன். இந்த முறை அஞ்சலை ஒன்றும் சொல்லவில்லை. "ஐல" என்று அவர்கள் குரல் கொடுக்கிறபோது ஏழுமலை தொடையை இறுக்கவேண்டும். "சா" என்று விடுகிறபோது தளர்த்தி, தண்ணீருக்குள் கொஞ்சம் தாழவேண்டும். இழுப்பு இல்லை, பலம் இல்லை, குரல் மட்டும். முதலில் அவர்களுக்குப் பிடிபடவில்லை, பழக்கத்தில் அழுத்தினார்கள். கையில் இரண்டு அடி போட்டபிறகு பிடிபட்டது.

கரையில் உல்லாசமாய் வந்திருந்த சனம் எல்லாம் கூடிவிட்டது. ஒருவரை நாலு பேர் பாட்டோடு தண்ணீரில் தாழ்த்தி எடுக்கிறதைப் பார்த்து, ஞானஸ்நானம் என்று நினைத்து ஒரு கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டார். அஞ்சலை சிரித்துச் சிரித்து மணலில் விழுந்துவிட்டாள். எனக்கும் சிரிப்பை அடக்க ஏலவில்லை. என் புருஷன் செத்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒவ்வொரு ஞாயிறும் கரைப்பக்கமாகக் கொஞ்சம் நகர்ந்தோம். நெஞ்சளவு, இடுப்பளவு, தொடையளவு. தண்ணீர் குறையக் குறைய அவருடைய பாரம் அவருடைய முழங்காலில் கூடும். நோவில் கண்ணீர் வரும், கடல்தண்ணி என்று துடைத்துக்கொள்வார்.

மதியம் எல்லாரும் கரையில் இருந்து சாப்பிடுவார்கள். அஞ்சலை குழம்புச் சட்டியைத் திறந்தால் எண்ணூர் முழுக்க மணக்கும். பவானி அவர்களுடைய வட்டத்துக்குள் போய் ஒட்டிக்கொண்டு மீன்முள்ளுக்குச் சண்டை பிடிப்பாள். எனக்கு மட்டும் ஒரு பாய் விரித்து, எனாமல் தட்டில் முதல் சோறு போட்டுத் தருவார்கள். "நீ அங்க குந்தும்மா, இங்க மண்ணு," என்பார்கள். மரியாதைக்குத்தான். நானும் மணலில் வந்து இருக்கிறேன் என்று சொல்ல நாக்கு நுனிவரை வரும். சொன்னால் அவர்கள் கூச்சத்தில் பேச்சை நிறுத்திவிடுவார்களோ என்று பேசாமல் பாயில் இருந்து சாப்பிட்டேன்.

அங்கேயிருந்து பார்த்தால் கழிமுகத்துக்கு அப்பால் கடல். இரண்டு கரையிலும் ஒரே கடல்தானே என்று அண்ணர் ஒருமுறை எழுதினார். ஒரே கடல் இல்லை. எங்கட கடல் பாறைக்கு உள்ளே அடங்கிக் கிடக்கிற கடல். இது நாள் முழுக்கக் கத்துகிறது. எனக்கு இன்னும் பழகவில்லை.

பங்குனி கடைசி ஞாயிறு, கணுக்கால் அளவு தண்ணீரில் ஏழுமலை இரண்டு முழங்காலையும் மடித்துக் குதிக்காலின்மேல் இருந்தார். ஒருவரும் பிடிக்கவில்லை. சுற்றி நின்ற நாலு பேரும் சத்தம் போட மறந்துவிட்டார்கள். அவர் இருந்தபடியே இல்லாத துடுப்பை இரண்டு பக்கமும் வலித்துக் காட்டினார். அஞ்சலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தேம்பினாள்.

6

மில்லுக்கு வேறு ஆள் போனான். சித்திரை பிறந்து ஒரு நல்ல நாள் பார்த்து ஏழுமலை கடலுக்கு இறங்கினார். விடியற்காலையில் நானும் பவானியும் குப்பத்துக்குப் போனோம். அஞ்சலை மரத்துக்குக் கற்பூரம் காட்டி, அவருடைய முழங்காலுக்கும் ஒருமுறை காட்டினாள்.

மரத்தைத் தள்ளி ஏறி இருந்தார்கள், அவரும் கூட்டாளியும். முதல் அலையில் மரம் நிமிர்ந்தது. என் கை தானாக நீண்டு காற்றைப் பிடித்தது. அவர் அசையவில்லை, இரண்டு முழங்காலும் மரத்தோடு மரமாய் இருந்தன. இரண்டாம் அலையைத் தாண்டினார்கள். மூன்றாம் அலையில் மறைந்து, அதற்கு அப்பால் எழும்பித் துடுப்புப் போட்டுக்கொண்டு போனார்கள். கரையில் எல்லாரும் கத்தினார்கள். அஞ்சலை கரையோரமாக மரத்தோடு ஓடிக்கொண்டே இருந்தாள். பவானியும் மற்றப் பிள்ளைகளும் அவளுக்குப் பின்னால் ஓடினார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். என் வேலை சரியாக முடிந்தது என்று சந்தோஷப்பட்டேன், மெய்யாகவே சந்தோஷப்பட்டேன்.

அடுத்த ஞாயிறு காலையில் எழும்பி, மாற்றுச் சேலையைப் பையில் மடித்து வைத்தபிறகுதான் போகிறதுக்கு இடம் இல்லை என்று நினைவு வந்தது. பவானி சினேகிதப் பிள்ளைகளோடு விளையாடப் போய்விட்டாள். அறையைக் கூட்டினேன். கூட்டின அறையைத் திரும்பவும் கூட்டினேன். என் வேலையில் ஆட்கள் குணமானால் போய்விடுவார்கள், குணமாகாவிட்டால் இருப்பார்கள். குணமாகவேண்டும் என்றுதான் தினமும் மாரடிக்கிறேன்.

அஞ்சலை கொஞ்ச நாள் மீன் கொடுத்து அனுப்பினாள். பேந்து அதுவும் நின்றுவிட்டது. நான் குறை சொல்லவில்லை. அவளுக்குச் சந்தை, வீடு, புருஷன், எவ்வளவு வேலை.

7

இதை எழுதத் தொடங்கி இரண்டு நாளுக்குப் பிறகு கல்மண்டபம் பக்கம் மீன் வாங்கப் போனேன். இப்போது நான் வீதியில் சனத்தின் முகத்தைப் பார்க்கிறதில்லை, நடையைத்தான் பார்க்கிறேன். இவருக்கு இடுப்பில் பிடிப்பு, இவளுக்குக் குதிக்காலில் நோ, அந்தக் கூலிக்காரருக்கு வலது தோள் இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போவேன்.

எதிரே வலையைத் தோளில் போட்டுக்கொண்டு நாலைந்து பேர் ஏதோ பகிடி விட்டபடி வந்தார்கள். நடுவில் வந்தவருடைய கால்களைப் பார்த்தேன். நல்ல நடை, ஒரு குறையும் இல்லை. அடுத்த ஆளைப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். அவர்கள் என்னைத் தாண்டிப் போனபிறகு பின்னால் ஒரு சிரிப்புக் கேட்டது. ஏழுமலையின் சிரிப்பு.

திரும்பினேன். முதுகுதான் தெரிந்தது. இரண்டு காலும் ஒரே மாதிரி விழுந்து எழும்பிக்கொண்டு போயின. அவர் என்னைக் காணவில்லை. நான் அவரைக் கண்டும் எனக்கு ஆளைத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த ஏழுமலை நொண்டுகிற ஏழுமலை.

கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிட்டு என்னத்தைக் கேட்கிறது? அவரிடம் நான் கேட்கக்கூடியது ஒன்றுதான், முழங்கால் எப்படி இருக்கிறது என்று. அதைத்தான் இப்போது கண்ணாலேயே பார்த்துவிட்டேனே. கூட்டத்துக்குள் அந்த நடை மறையும்வரை நின்றுவிட்டு, மீனை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.